தங்கப்பொண்ணு கட்டிய இறால்கள்

தங்கப்பொண்ணு கட்டுகிற இறாலுக்குக் கண் பின்பக்கம் இருக்கும். தூண்டில் முள்ளில் கயிறு மாட்டுகிற வளையம் இருக்கிறதே, அந்தப் பக்கம் வால். முள் வளைகிற பக்கம் தலை, கண், மீசை எல்லாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பெனியே தலைகீழாகக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து முதலாளி மெர்வினிடம் போய்ச் சொன்னவள்தான் இவள். இறால் பயந்தால் பின்பக்கமாகத்தான் பாயும், கயிற்றை இழுக்கும்போது அப்படிப் பாய்கிற மாதிரி தெரிந்தால்தான் மீன் துரத்திக்கொண்டு வந்து கவ்வும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப மீனு ஏமாறணும்னா இறாலு பயந்த மாதிரி இருக்கணும். அம்புட்டுத்தானே சார்?" என்றாள். அம்புட்டுத்தான். அன்றைக்கே அவளுக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைதான் கம்பெனி. தங்கப்பொண்ணு குடியிருக்கிற செல்லூரில் அதைப் பூச்சிக் கம்பெனி என்பார்கள். சேவல் கழுத்து இறகு, மெல்லிய செப்புக் கம்பி, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பட்டை, மான் முடி, நூல். இவற்றை வைத்து முள்ளின்மேல் ஈ, கொசு, இறால் என்று கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே குளிர்ந்த கடலோரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இதை வீசி மீன் பிடிப்பார்களாம். பிடித்த மீனை மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். இதைக் கேட்டு செல்லூரில் சிரிக்காத ஆளில்லை. தங்கப்பொண்ணுவின் புருஷன் மொக்கையன் தறிக்குப் போகிறவர், அதிகம் பேசாதவர். அவரே ஒருநாள், "கொழம்புக்கும் ஆகாத இறாலு, தின்னவும் மாட்டாத மீனு. நல்ல யாவாரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவள் கட்டுவதைப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுபோகும். நைலான் நரம்பின் நுனியை மெழுகுவத்தியில் காட்டுவாள். கடுகு மாதிரி ஒரு கருப்புக் குண்டு உருளும். அதுதான் கண். மேஜையில் பொருத்திய வைஸ் என்கிற இடுக்கியில் முள்ளை இறுக்கி, இரண்டு கண்ணையும் வைத்து ஒரு சுற்று, மீசைக்கு மான் முடி வைத்து ஒரு சுற்று, பிறகு இறகைக் கால் காலாக உடம்பெல்லாம் சுற்றி, முதுகுக்குப் பட்டையை இழுத்துப் போர்த்தி, அதன்மேல் கம்பியைச் சுற்றினால் முதுகில் கட்டம் கட்டமாக ஓடு விழும். கடைசியில் முடிச்சு. முடிச்சின்மேல் ஒரு சொட்டுப் பசை. கையில் எடுத்துப் பார்த்தால் துள்ளிக் கீழே விழுந்துவிடுமோ என்று இருக்கும். இத்தனைக்கும் அவள் உயிருள்ள இறாலை ஒருநாளும் பார்த்ததில்லை. மதுரைக்கு வருவதெல்லாம் ஐஸில் செத்துக் கிடக்கிற இறால்தான். அதிலும் ஒரு மீசை நீளம், ஒரு மீசை குட்டை என்பதை மார்க்கெட்டில் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு வந்தவள், அன்றிலிருந்து தன் இறாலுக்கும் அப்படியே வைத்தாள். மெர்வின் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு அது கையெழுத்து மாதிரி.

இந்தக் கைவேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைத்தான் காட்டவேண்டும். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவள் அங்கே பூக் கட்டினாள். மல்லிகை உதிரியைக் குவித்துவைத்துக்கொண்டு, வாழைநாரில் கண்ணி போட்டு, பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே கட்டுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. வாழைநார் காய்ந்தால் பட்டென்று அறுந்துபோகும். அதனால் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். விரலைத் தொட்டுத் தொட்டுத்தான் கட்டவேண்டும். தொடுகிறோம் என்பதே தெரியாமல் கை தானாகப் போய்த் தொட்டுவிட்டு வரும். கம்பெனிக்கு வந்தபிறகும் அந்தக் கை அடங்கவில்லை. வைஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டாள். பூக் கட்டிக் காய்ப்பேறிய விரலில் மெல்லிய நூல் சிக்கிப் பிசிறும். ஈரம் தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். பக்கத்தில் இருப்பவள் ஒன்றை முடிப்பதற்குள் இவள் அடுத்ததற்கு மீசை வைத்துக்கொண்டிருப்பாள். மெர்வினும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். புதிதாக யார் வந்தாலும், "தங்கம் அக்கா பக்கத்துல உக்காந்து பாருங்க" என்பார்.

அந்தப் பேர் அவளுக்குப் பெரிது. பூ மார்க்கெட்டில் 'ஏய் பூக்காரி' என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். இங்கேதான் முதல்முதலாக அவளை அக்கா என்றும், கைராசிக்காரி என்றும் கூப்பிட்டார்கள். அந்தப் பேருக்காக அவள் உயிரையும் கொடுப்பாள். உயிரைக் கொடுக்கவேண்டிய நிலைமை வரவில்லை, வேறொன்றைத்தான் கொடுக்கவேண்டி வந்தது.

அவளுக்கு ஒரே தம்பி, சிவக்குமார். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். உழைப்பாளி, குடிக்கமாட்டான், கொள்ளமாட்டான். ஆனால் பொண்டாட்டி வாசலைத் தாண்டினால் அவனுக்குப் பொறுக்காது. அவன் பொண்டாட்டி முனீஸ்வரி பன்னிரண்டு வரை படித்த பெண். கல்யாணமானதும் சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் அடைபட்டுப்போனாள். கடைக்குப் போவதென்றால்கூட அவனிடம் சொல்லவேண்டும். அவள் வந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, எப்பிடியாச்சும் என்னையக் கம்பெனியில சேத்துவிடுங்க. செவுத்தப் பாத்து பாத்து எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல இருக்கு" என்று அழுதாள்.

தங்கப்பொண்ணு தம்பியிடம் சண்டை போட்டாள். பேசாமல் இருந்து பார்த்தாள். சாப்பிடாமல்கூட ஒருநாள் இருந்தாள். கடைசியில் அவன் இறங்கி வந்தான்.

"உன் கூடப் போயி உன் கூட வரணும்க்கா. நீ இருக்கன்னுதான் அனுப்புறேன். ஒரு சின்னப் பேச்சு வந்துச்சோ, அதோட சரி. அப்புறம் வேலைங்கிற வார்த்தையே இந்த வீட்டுல இருக்கக்கூடாது."

முனீஸ்வரிக்குக் கை நிதானம். வேகம் கிடையாது. அவளுடைய தொல்லை வேறு. உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். நூல் ஒட்டாமலிருக்க முகப்பவுடர் டப்பா ஒன்றை மேஜையில் வைத்துக்கொண்டு, விரலில் லேசாகத் தட்டிக்கொள்வாள். ஒருத்தி பக்கத்தில் தண்ணீர், ஒருத்தி பக்கத்தில் பவுடர். "மதினியும் நாத்தியும் கடையப் போட்டு உக்காந்திருக்கீக" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். வேனில் போகும்போது முனீஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்து, திருப்பரங்குன்றம் மலையை என்றைக்கும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வருவாள். அவள் முகத்தில் ரத்தம் ஊறியதைத் தங்கப்பொண்ணு கண்ணால் பார்த்தாள். தான் செய்த ஒரு நல்ல காரியம் இது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த நேரத்தில்தான் மெர்வின் பசையை மாற்றினார். பழைய பசை என்றால் சாயங்காலம் எல்லாவற்றையும் வரிசையாகக் குத்திவைத்துவிட்டு, மறுநாள் காலையில் சொட்டு வைப்பார்கள். அதற்குள் நூல் காய்ந்திருக்கும். புதுப் பசை அப்படியில்லை. முடிச்சுப் போட்ட கையோடு ஒரு சொட்டு வைத்து, நீல வெளிச்சம் அடிக்கிற சின்ன டார்ச்சைக் காட்டினால் கண்ணாடியாக இறுகிவிடும். "நூல் மட்டும் டிரையா இருக்கணும், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று அவர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். தங்கப்பொண்ணுவும் கேட்டாள். புதுசாக வந்தவர்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவள் கை எப்போதும்போலத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

புதுப் பசை வைத்த முதல் சரக்கு போய்ச்சேர்ந்து, கொஞ்ச நாளில் பாதிப் பெட்டி திரும்பி வந்தது.

மெர்வின் பெட்டியை நடு மேஜையில் கவிழ்த்தார். இறால்கள் தலை அவிழ்ந்து கிடந்தன. கண் ஒருபக்கம் தொங்க, முதுகு ஓடு கழன்று, நூல் சுருள் சுருளாக வெளியே வந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. உப்புத் தண்ணீரில் நாலு வீச்சுக்குத் தாங்கவில்லையாம். பசை தனியாகக் கழன்று வந்துவிடுகிறதாம். வாங்குகிறவர்கள், இன்னொரு தடவை இப்படி வந்தால் உங்கள் பக்கமே திரும்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

தங்கப்பொண்ணு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஒரு மீசை நீளம், ஒரு மீசை குட்டை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. அவிழாமல் நல்லபடியாக இருந்தவற்றில் மீசை இரண்டும் ஒரே அளவில் இருந்தன. கழன்ற பசைச் சொட்டுக்கு அடியில் வெள்ளையாகப் பால் படர்ந்த மாதிரி இருந்தது. அது ஈரம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாரும் கையில என்னமும் போடுறீங்களா? எண்ணெய், க்ரீம், இந்த மாதிரி?" என்று கேட்டார் மெர்வின். கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோன மனிதனின் குரல்தான் அது.

தங்கப்பொண்ணு தன் இடத்துக்குப் போனாள். டம்ளரை எடுத்தாள். நூல் பிசிறும் இறகுத் தூசியும் மிதந்த அந்தத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, காலி டம்ளரைத் தன் பைக்குள் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கைதான் அதையும் செய்தது.

அவள் திரும்பியபோது முனீஸ்வரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "சார், நான் பவுடர் போடுவேன் சார். கை வேர்க்கும், அதுக்காக" என்று டப்பாவை நீட்டினாள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மெர்வின் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். பசைக்கு அடியிலிருந்த வெள்ளையைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார். அவருக்கு அதற்குமேல் யோசிக்க எதுவுமில்லை.

"என்னம்மா இது... பவுடர் மேல பசை எப்பிடி ஒட்டும்?"

அப்போதுகூட தங்கப்பொண்ணு வாயைத் திறந்திருக்கலாம். சார், அது என் கைவேலை, அந்த மீசையைப் பாருங்க என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எல்லாப் பெண்களும் தன்னைப் பார்க்கப்போகிறார்கள், கைராசிக்காரியின் கையால்தான் கம்பெனிக்குக் கேடு வந்தது என்று பேசப்போகிறார்கள் என்று நினைத்ததும் அதை மென்று விழுங்கிவிட்டாள். முனீஸ்வரியை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மெர்வின் சொன்னபோது, அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவளுக்குள் ஓர் ஆறுதல்கூட வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து அவள் டம்ளர் வைக்கவில்லை. தானாக ஓடுகிற கையை அதட்டி அதட்டி உட்கார்த்திவைத்தாள். வேகம் பாதியானது. நூல் பிசிறி விரல் வெடித்தது. தம்பி பொண்டாட்டி போன கவலை என்று மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அடுத்த சரக்கு போயிற்று. ஒன்றுகூட அவிழவில்லை. மெர்வின் சந்தோஷமாக வந்து, "பாத்தீங்களா அக்கா, அந்தப் பவுடர்தான் எல்லாம்" என்றார். அவள் திருத்திக்கொண்டதே முனீஸ்வரியின் மேல் விழுந்த பழிக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிட்டது. இனி யார் வந்து சொன்னாலும் எடுபடாத அளவுக்கு அந்தப் பொய் கெட்டியாகிவிட்டது.

சிவக்குமாரோ அதை ஊர்ச் சிரிப்பாக ஆக்கிவிட்டான். டீக்கடையில், வண்டி ஸ்டாண்டில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், "எங்க வீட்டம்மா பவுடர் போட்டே ஒரு கம்பெனியக் கவுத்துட்டா மாப்ள" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவனுக்கு வருத்தமே இல்லை. அவன் சொன்னதுதானே நடந்தது. சந்தில் சின்னப் பிள்ளைகள்வரை பவுடர்க்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். முனீஸ்வரி தண்ணீர்க் குழாய்க்கு வருவதை நிறுத்தினாள். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். தங்கப்பொண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. வேனில் ஜன்னலோர இடம் காலியாக வந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே அவளுக்குத் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கப்பொண்ணு தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் வாசலில் நாலு பேரை வைத்துக்கொண்டு அதே கதையை ஆரம்பித்தான். "சமையல்லயும் பவுடரப் போட்டுறாதத்தா, குழம்பு ஒட்டாமப் போயிரும்" என்று உள்ளே பார்த்துச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். காபி கொண்டுவந்த முனீஸ்வரியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தங்கப்பொண்ணுவால் தாங்கமுடியவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனிக்குப் போனதும், கைப்பையைக்கூட வைக்காமல் மெர்வின் முன்னால் போய் நின்றாள். டம்ளர், தண்ணீர், வாழைநார், மீசை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் திட்டுவார், போகச் சொல்வார் என்று தயாராகத்தான் போயிருந்தாள். ஆனால் அவர் மேஜையிலிருந்த இறால் ஒன்றை எடுத்து மீசையைப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இப்ப தண்ணி தொடுறதில்லையே?"

"இல்ல சார்."

"அப்ப விடுங்க அக்கா. பாவம், அந்தப் பிள்ளையத்தான் நான் சும்மா அனுப்பிட்டேன். நாளைக்கே வரச் சொல்லுங்க. வேணும்னா நானே வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தாள். அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் இவர் இதைத்தான் சொல்லியிருப்பாரோ என்று தோன்றியபோது உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். சிவக்குமார் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். அவனிடமும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டு டயரில் தண்ணீர் அடித்தான்.

"சரி, நீதான் செஞ்ச. அதுக்கு என்னங்கிற இப்ப?"

"அவள அனுப்புடா. சாரே வரச் சொல்லிட்டாரு."

"நான் என்ன சொல்லி அனுப்புனேன்? நீ இருக்கன்னு அனுப்புனேன். நீயே நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்க. இனி யாரை நம்பிக்கா நான் அனுப்ப?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

உள்ளே முனீஸ்வரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. தங்கப்பொண்ணு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கப் போனாள், பிடிக்கவில்லை.

"முனீசு, நான்தான் ஆத்தா. அம்புட்டும் என் இறாலுதான். உன் மேல பழி விழுகட்டும்னு வாய மூடிக்கிட்டு நின்னுட்டேன்."

"தெரியும் மதினி."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. பெட்டியக் கொட்டுனப்பவே மீசையப் பாத்தேன். உங்க பக்கத்துலயே உக்காந்து கட்டுனவ, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா பவுடர் டப்பாவ எடுத்து நீட்டுன? ஏத்தா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னையக் காட்டிக் குடுத்திருந்தா உன் வேலை இருந்திருக்குமே."

முனீஸ்வரி உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தியாகம் செய்தவளின் முகமும் இல்லை. ரொம்ப நாளாக யோசித்து முடித்த விஷயத்தைச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

"நீங்க போனா எனக்கு ஏது மதினி வேலை? நீங்க இருக்கீகன்னுதான அவுக என்னைய அனுப்புனாக. உங்கள வெளிய அனுப்பிட்டா மறுநாளே நானும் வீட்டுலதான். எப்பிடிப் பாத்தாலும் எனக்கு இந்த வீடுதான்னு ஆயிருச்சு. பெறகு ரெண்டு பேரும் எதுக்கு உள்ள கெடக்கணும்?"

வெளியே சிவக்குமார் வண்டியைத் துடைக்கிற சத்தம் கேட்டது. தங்கப்பொண்ணு சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அழுகை வந்தாலும் இந்த வீட்டில் அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குப் பட்டது.

முனீஸ்வரி அடுத்த பூண்டை எடுத்தாள். நகத்தை வைத்துத் தோலைக் கீறிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"என் எடத்துல இப்ப யாரு மதினி உக்காந்து கட்டுறா?"